ரெண்டு தட்டினால் ரைட்டு

கட்டின பெண்டாட்டியை மலையடிவாரத்தில் விட்டுவிட்டு, நாயை மட்டும் ஏற்றிக்கொண்டு போன ஒரு மனுஷனைப் பற்றிக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பீர்கள்? குடிகாரன் என்பீர்கள். இல்லாவிட்டால் கொடுமைக்காரன். அதுவும் இல்லாவிட்டால் நாய்ப் பைத்தியம். நம் டிரைவர் இந்த மூன்றும் இல்லை. சர்வீஸ் காலம் முழுக்கச் செய்த ஒரு வேலையை அன்றைக்கும் ஒழுங்காகச் செய்தார், அவ்வளவுதான்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அவர் டவுன் பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் மனைவி அதே பஸ்ஸில் கண்டக்டர். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் என்று வேலை பார்த்து, பஸ்ஸிலேயே சண்டை போட்டு, பஸ்ஸிலேயே சமாதானமாகி, நடுவில் ஒரு மகளைப் பெற்று வளர்த்துக் கட்டியும் கொடுத்துவிட்டார்கள். அந்த பஸ்ஸில் மணி ஒருநாளும் ஒழுங்காக அடித்ததில்லை. அதனால் கண்டக்டரம்மா டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கியால் கம்பியில் தட்டுவார். ‘டக்’ என்று ஒரு தட்டு தட்டினால், நிறுத்து. ‘டக் டக்’ என்று ரெண்டு தட்டினால் ரைட்டு, கிளம்பு. டிரைவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். ரோட்டைப் பார்ப்பது அவர் வேலை, உள்ளே யார் ஏறினார்கள் யார் இறங்கினார்கள் என்று பார்ப்பது கண்டக்டர் வேலை. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் மூக்கை நுழைப்பதில்லை என்பதுதான் அந்தக் குடும்பம் உடையாமல் இருந்த ரகசியம்.

அவர்கள் ரூட்டில் ஒரு பெரிய பூங்கா இருந்தது. தினமும் அந்த ஸ்டாப்பிங்கில் பந்தும் தண்ணீர் பாட்டிலும் சிரிப்புமாக ஜனங்கள் இறங்கிப் போவார்கள். கண்டக்டரம்மா அவர்களை இறக்கிவிட்டு, கம்பியில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, அடுத்த ஸ்டாப்பிங்குக்குப் போவார். “ரிடையர் ஆனதும் ஒரு பார்க் விடாம இறங்கணும், ஒரு மலை விடாம ஏறணும்” என்று அப்போதே சொல்லிவைத்தார். டிரைவரும் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறோம் என்று யோசித்து ஆட்டுகிற பழக்கம் எந்தக் கணவனுக்கு இருக்கிறது?

ஆகவே ரிடையர் ஆனதும் கேரவன் வந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, மேசை, அலமாரி, கழிவறை. முன்னால் ஸ்டியரிங். விற்றவன் மோட்டார்ஹோம் என்றான், அக்கம்பக்கத்தார் கேரவன் என்றார்கள், டிரைவர் பஸ் என்றார். கூடவே ஒரு நாயும் வந்தது. மகள் வீட்டில் வளர்ந்து, வளர்ந்த வேகத்தில் சோபாவைத் தின்று, மாப்பிள்ளையின் செருப்பைத் தின்று, கடைசியில் இவர்கள் தலையில் கட்டப்பட்ட பழுப்பு நாய். வண்டியில் யார் ஏறினாலும் கால் முதல் கை வரை முகர்ந்து பார்த்து, டிக்கெட் எடுத்தாயா என்பதுபோல் முறைக்கும். அதனால் அதற்குச் செக்கர் என்று பெயர் வைத்தார்கள். அதன் வாலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ரோமம் குறைந்த, தடித்த, உலக்கை மாதிரியான வால். அது ஆடினால் மேசையில் இருக்கும் டம்ளர் தரையில் இருக்கும்.

பயணம் கிளம்பியது. கிளம்பிய அன்றே கண்டக்டரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டிரைவர் பூங்காக்களைப் பார்க்கவில்லை, டிரிப் அடிக்கிறார்! பூங்கா வாசலில் வண்டியை நிறுத்துவார். இறங்க மாட்டார். கண்ணாடி வழியாகப் பார்ப்பார். “ஏரி இருக்கு. வாத்து இருக்கு. பாத்தாச்சு” என்பார். அடுத்த பூங்காவுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். கண்டக்டரம்மா கீழே இறங்கி, நடைபாதை தொடங்கும் இடத்துப் பலகையை வாய் வலிக்க வாசித்துவிட்டு, தனியாகப் போய் என்ன செய்வது என்று திரும்பி வந்து ஏறிக்கொள்வார். ஏறியதும் அலமாரிக் கதவில் ரெண்டு தட்டு. பழக்கம் விடுமா? வண்டி கிளம்பும்.

வழியில் ஒரு அருவி தெரிந்தது. அந்தம்மா அலமாரியில் ‘டக்’ என்று ஒரு தட்டு தட்டினார். டிரைவர் நிறுத்தவில்லை.

“இங்க ஸ்டாப்பிங் இல்ல” என்றார்.

“ஸ்டாப்பிங் இல்லையா? இது உங்க ரூட் பஸ்ஸா?”

“நேரம் ஆயிடும்.”

“எதுக்கு நேரம் ஆயிடும்? எவன் காத்துக்கிட்டு நிக்கிறான் நமக்கு?”

டிரைவர் கியரை மாற்றினார். அன்று சாயங்காலம் அந்தம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஓட்டுநர் இருக்கைக்கும் பின்பக்க வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை இருந்தது. அதைச் சர்ரென்று இழுத்து மூடினார். மூடுவதற்கு முன் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

“நல்லா கேட்டுக்குங்க, டிரைவர் சார்.” ‘என்னங்க’ போய் ‘டிரைவர் சார்’ வந்தால் நிலவரம் மோசம் என்று அர்த்தம். “நாளைக்கு ஒரு மலை. ஒரே ஒரு மலை. என்கூட உச்சி வரைக்கும் நடந்து வரணும். வரலன்னா என்ன மக வீட்டுல இறக்கி விட்டுடுங்க. அப்புறம் நீங்களும் உங்க பஸ்ஸும் உலகத்த சுத்துங்க, நான் கேக்கவே மாட்டேன்.”

அந்தம்மா சொன்னால் சொன்னதுதான். சில்லறை தராதவனையும் ஃபுட்போர்டில் தொங்கியவனையும் அதட்டி அடக்கிய வாய் அது. மகள் வீட்டில் இறக்கிவிட்டால் அந்தம்மா திரும்ப ஏற மாட்டார். பின்னால் தட்டுவதற்கு ஆள் இல்லாத வண்டியை அவர் எப்படி ஓட்டுவார்?

அப்படியானால் இறங்கி நடந்து தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் பொறுங்கள், அவரே சொல்வார்.

மறுநாள் காலை மலையடிவாரத்தில் வண்டி நின்றது. மரங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை மேலே ஏறிப் போனது. கண்டக்டரம்மா ஷூ மாட்டினார். தொப்பி வைத்தார். ஊன்றுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டார். திரைக்கு இந்தப் பக்கம் வந்து ஜன்னலோரம் நின்றார்.

“வர்றீங்களா?”

“வண்டிய யார் பாத்துக்கறது?”

“இத எவனும் இடுப்புல சொருகிட்டுப் போயிட மாட்டான்.”

“முட்டி வலிக்குது.” டிரைவர் முழங்காலைப் பிடித்துக் காட்டினார்.

“நேத்து வலது முட்டின்னீங்க. இப்ப இடது முட்டிய பிடிச்சிருக்கீங்க.”

டிரைவர் கையை மாற்றினார். அதற்கு மேல் என்ன பேச? அந்தம்மா நாயைப் பார்த்து, “செக்கர், நீயாவது இந்த மனுஷன இழுத்துட்டு வா” என்று சொல்லிவிட்டு, இறங்கி, கதவை அறைந்து சாத்தினார்.

டிரைவர் கவலைப்படவில்லை. பலகையை வாசிப்பார், திரும்பி வருவார், கொஞ்சம் கத்துவார், எல்லாப் பூங்காவிலும் நடந்ததுதானே. வெயில் இதமாக இருந்தது. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே கண் அசந்துவிட்டார்.

‘டக் டக்.’

அவ்வளவுதான். மூளை விழிப்பதற்கு முன்னால் கால் விழித்துக்கொண்டது. சாவி, கிளட்ச், கியர், ஓரக்கண்ணாடியில் ஒரு பார்வை. வண்டி கிளம்பி, சாலையில் ஏறி, வளைவு தாண்டிய பிறகுதான் டிரைவர் முழுசாக விழித்தார். அந்தம்மா திரும்பி வந்துவிட்டாள். திரையைத் திறக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, ரைட்டு மட்டும் கொடுத்துவிட்டாள். எங்கே போக ரைட்டு? மகள் வீட்டுக்கு!

“இந்தாம்மா” என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டார். பதில் இல்லை.

“கோவமா?”

பின்னே, குளிர்ச்சியாகவா இருக்கும்!

“கண்டக்டரே, நிஜமாவே மக வீட்டுக்கா போறோம்? ஒரு வார்த்தை பேசேன்.”

திரைக்குப் பின்னால் ஏதோ சரசரவென்ற சத்தம். துணிமணிகளை மூட்டை கட்டுகிறாள் என்று டிரைவர் முடிவு செய்தார். அவமானமாவது வெங்காயமாவது என்று அந்த நிமிஷம் வாயைத் திறந்துவிட்டார்.

“சரி, சொல்லிடறேன். சிரிக்கக் கூடாது. முட்டியெல்லாம் ஒண்ணும் வலிக்கல. வண்டிய விட்டு இறங்கினா எனக்கு வழி தெரியாதும்மா. நெசமா. ஸ்டியரிங் கையில இருந்தா இந்த உலகத்துல எந்த சந்துக்குள்ள விட்டாலும் வந்துடுவேன். கால்ல நடந்தா கிழக்கு எது மேற்கு எதுன்னு தலை சுத்துது. மக பிறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு ஏன் லேட்டா வந்தேன்னு இன்னி வரைக்கும் திட்றியே, டிராஃபிக்குன்னு சொன்னேன்ல? டிராஃபிக்கும் இல்ல மண்ணும் இல்ல. உன் வார்டு தெரியாம சுத்திட்டு இருந்தேன். பிணவறை வரைக்கும் போயிட்டேன். அங்க இருந்தவன் யாரைப் பாக்கணும்னு கேட்டான். குழந்தையப் பாக்கணும்னேன். அவன் அழுதுட்டான்.”

வண்டி இன்னொரு வளைவு திரும்பியது.

“காட்டுக்குள்ள உன்ன கூட்டிட்டுப் போயி வழிய தொலைச்சிட்டு நின்னா, என்ன நீ என்னன்னு நினைப்பே? டிரைவருங்கற ஒரு மரியாதைதான் எனக்கு உன்கிட்ட இருக்கு. அதுவும் போயிடும்ல?”

இவ்வளவு பெரிய விஷயத்தை அவர் ஆயுளில் பேசியதில்லை. கண் கலங்கிவிட்டது. அப்போது திரை அசைந்தது. விலகியது. அந்த இடுக்கில் ஒரு முகம் வந்தது.

செக்கர். வாயில் ரொட்டிப் பாக்கெட்.

டிரைவர் பேய் முழி முழித்தார். அந்தம்மா உள்ளே இருந்தால் இந்த நாய் ரொட்டிப் பாக்கெட்டில் வாய் வைத்திருக்குமா? நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்க மாட்டாளா? பாக்கெட் காலி. நாய்க்குப் பரம திருப்தி. அந்தத் திருப்தியில் வால் ஆடியது. ஆடிய வால் அலமாரிக் கதவில் பட்டது.

‘டக் டக்.’

“அடப்பாவி!” என்று டிரைவர் பிரேக்கை மிதித்தார். யாரைச் சொன்னார், நாயையா தன்னையா என்று அவருக்கே தெரியாது.

ஓரமாக நிறுத்திப் பின்னால் ஓடிப் பார்த்தார். கட்டில் காலி. கழிவறைக் கதவைத் தட்டினார், மரியாதைக்கு. அதுவும் காலி. போன் போட்டார். தலையணைக்கு அடியில் மணி அடித்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை ஓடியது. ஒற்றை வண்டி அகல ரோட்டில் அந்த மாட்டுக்கொட்டகை அளவு வண்டியை ஒரே மூச்சில் திருப்பினார் பாருங்கள், அதைப் பார்க்க ஒரு ஜனம் இல்லை.

மலையடிவாரத்தில் கண்டக்டரம்மா இல்லை. பலகைக்குப் பக்கத்தில் பூங்காக் காவலாளி ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுண்டு விரலால் காது குடைந்துகொண்டிருந்தார்.

“ஒரு அம்மா, தொப்பி வச்சுக்கிட்டு, கையில கோல்...”

“மேல போனாங்க.”

“தனியாவா?”

“கூட வர வேண்டியவரு ஸ்டியரிங்கக் கட்டிப் பிடிச்சுட்டு தூங்கறாருன்னாங்க.” காவலாளி வண்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “ஓ, அது நீங்கதானா?”

டிரைவர் அசடு வழிந்தார். “மேல போறதுக்கு ரோடு இருக்கா?”

“காலு இருக்குல்ல?” என்று சொல்லிவிட்டு காவலாளி அடுத்த காதுக்கு மாறினார்.

டிரைவர் மண்பாதையைப் பார்த்தார். அதில் நடுக்கோடு இல்லை. மைல் கல் இல்லை. எங்கே போய் முடியும் என்றும் தெரியவில்லை. செக்கர் அதற்குள் சங்கிலியை இழுத்தது. நாயாவது வழி காட்டும் என்று நம்பி அதன் பின்னால் போனார். அது அவரை நேராகக் குப்பைத் தொட்டிக்குக் கூட்டிப்போனது.

“சோறு ஒண்ணுதான் உன் கண்ணுக்குத் தெரியுமா?” என்று திட்டிவிட்டு, திரும்பி வந்து, தானே ஏற ஆரம்பித்தார். பழக்கம் என்பது பொல்லாதது. ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே யார் வருவார்களோ என்று வாயாலேயே “பாம் பாம்” என்றார். அப்படி ஒரு திருப்பத்தில் எதிரே வந்த இளம் ஜோடி அலறிப்போய் மரத்தைப் பிடித்துக்கொண்டது.

“மேல ஒரு அம்மா இருக்காங்களா, தம்பி?” என்றார் மூச்சு வாங்க.

“இருக்காங்க அங்கிள். இதோ, பக்கத்துல வந்துட்டீங்க.”

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் சொல்லும் பச்சைப் பொய் இது. பக்கத்தில் வரவேயில்லை. பாதை ரெண்டாகப் பிரிந்த இடத்தில் டிரைவர் நின்றுவிட்டார். இடதா வலதா? தலை சுற்றியது, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுற்றியது போலவே. திரும்பிப் போய் வண்டியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஒரு கணம் கால் பின்னால் கூட வந்தது. அந்தம்மா மேலே தனியாக இருக்கிறாள் என்று நினைத்தார். எந்தப் பக்கம் ஏறுகிறதோ அதுதான் வழி என்று முடிவு செய்து, ஏறுகிற பக்கம் ஏறினார். நாக்கு வெளியே தள்ளியது. நாய்க்கும் அவருக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை.

உச்சியில் மரப்பலகை பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் கண்டக்டரம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா” என்றார் டிரைவர். அதற்கு மேல் காற்று இல்லை.

அந்தம்மா திரும்பினார். கண் சிவந்திருந்தது. “எதுக்கு வந்தீங்க?”

டிரைவர் பதில் சொல்லும் முன் அந்தம்மா கோலை நீட்டிக் கீழே காட்டினார். அப்போதுதான் டிரைவர் பார்த்தார். மலையடிவாரம், வண்டி நிற்கும் இடம், அங்கிருந்து புறப்பட்டு வளைந்து வளைந்து போகும் சாலை, எல்லாம் அங்கிருந்து துல்லியமாகத் தெரிந்தது.

“பாதி மலை ஏறி திரும்பிப் பாக்கறேன், வண்டி போகுது. சரி, வண்டிய நிழல்ல போடறாருன்னு நினைச்சேன். வளைவு தாண்டுது. கண்ண விட்டே மறையுது.” குரல் உடைந்தது. “வேலை பாத்த காலம் பூரா நான் தட்டாம நீங்க ஒரு அடி நகந்ததில்லங்க. எத்தனை செக்கிங், எத்தனை சண்டை, ஒரு நாள் கூட நகந்ததில்ல. இன்னிக்கு நான் தட்டாமயே போயிட்டீங்க. என் மாத்திரை டப்பா கூட வண்டியிலதான் இருக்குன்னு உங்களுக்குத் தோணலல்ல?”

“நீ தட்டினே!”

“நான் மலை மேல இருந்தேன்!”

“ரெண்டு தட்டு கேட்டுச்சும்மா. சத்தியமா கேட்டுச்சு.”

“பேயா தட்டுச்சு?”

டிரைவர் தலையைக் குனிந்து, விரலை மட்டும் நீட்டி, நாயைக் காட்டினார். “செக்கர். வாலால.”

கண்டக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். டிக்கெட் தொலைந்துவிட்டது, பர்ஸ் திருடு போய்விட்டது, நான் இப்போதுதான் ஏறினேன் என்று வாழ்நாள் முழுக்கப் பொய் கேட்ட கண் அது. “இவ்ளோ தூரம் ஏறி வந்திருக்கீங்களே, வழியில இத விட நல்ல பொய்யா ஒண்ணு யோசிச்சிருக்கலாம்ல?”

“பொய் இல்லம்மா. நீ உள்ள இருக்கேன்னு நினைச்சு வழி பூரா உன்கிட்ட பேசிட்டே போனேன். ஏன் நடக்க மாட்டேங்கறேன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டது இந்த நாய்தான்.”

“என்கிட்ட சொல்லுங்க.”

டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வண்டிய விட்டு இறங்கினா எனக்கு வழி தெரியாது. தொலைஞ்சி போயிடுவேன். ஆஸ்பத்திரிக்கு லேட்டா வந்ததும் அதான்.”

அந்தம்மா அவர் பக்கம் திரும்பினார். “அப்ப இன்னிக்கு எப்படி வந்தீங்க?”

“நீ மேல இருக்கேன்னு தெரியும். மேல போற பக்கமா வந்தேன்.”

அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். ஆனாலும் கண்டக்டர் கண்டக்டர்தான். “அதெல்லாம் சரி. ஆனா நாய் வால் தட்டி வண்டி கிளம்புச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அத மட்டும் நான் நம்பவே மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே, பையிலிருந்து பிஸ்கட் ஒன்றை எடுத்தார். தனக்குத்தான் எடுத்தார். செக்கருக்கு அது தெரியுமா? பெஞ்சின் மேல் தாவி ஏறி உட்கார்ந்து, உலக்கை வாலைச் சுழற்றியது. வால் பலகையில் பட்டது.

‘டக் டக்.’

டிரைவரின் இடது கால் தரையை அழுத்தியது. கை அந்தரத்தில் நீண்டு இல்லாத கியரைப் பிடித்துத் தள்ளியது. கண் ஓரக்கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் இருந்த ஒரு புதரைப் பார்த்தது. எல்லாம் அவர் அறியாமலே நடந்து முடிந்துவிட்டது.

கண்டக்டரம்மா அந்தக் காலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிஸ்கட் கீழே விழுந்தது, செக்கர் அதைக் கவனித்துக்கொண்டது. அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழுகிற மாதிரி சிரித்தார், சிரிக்கிற மாதிரி அழுதார். “ஐயோ, என் மனுஷா! என் மனுஷா!” என்று அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினார். டிரைவருக்கு அந்த அடி சுகமாக இருந்தது.

சிரிப்பு அடங்கியது. கீழே அவர்கள் வண்டி தீப்பெட்டி அளவில் நின்றது. மரங்கள் காற்றில் அசைந்தன. டிரைவர் பார்த்தார். ஏரி இருந்தது, அதற்குப் பின்னால் இன்னொரு மலை இருந்தது. பார்த்தாச்சு. கை தன்னால் கடிகாரத்துக்குப் போனது.

“சரி, கிளம்பினா அடுத்த பார்க்குக்கு...” என்று பாதி எழுந்தார்.

கண்டக்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோலை எடுத்துப் பலகையில் தட்டினார். ‘டக்.’ ஒரே தட்டு.

டிரைவர் உட்கார்ந்தார்.